|| வேற, ?? வேற

"ஜாவாஸ்கிரிப்ட்ல இஃப், ||, ?? எல்லாம் ஒண்ணுதான், எது சின்னதோ அத போட்டுக்கோங்க"ன்னு மேல சொல்லிருக்கீங்க ப்ரோ, அது தப்பு. || , ?? ரெண்டுமே இடது பக்க வேல்யூ சரியில்லன்னா பதிலுக்கு வலது பக்கத்துல இருக்கறத எடுக்கற குறிகள்தான், ஆனா || இடது பக்கம் 0, காலி ஸ்ட்ரிங், ஃபால்ஸ்னு எது வந்தாலும் தள்ளிட்டு வலது பக்கத்த எடுத்துக்கும், 2020ல வந்த ?? நல் (வேணும்னே காலின்னு வெச்சது), அன்டிஃபைன்டு (வேல்யூவே தராதது) ரெண்டுக்கு மட்டும்தான் அப்படி பண்ணும். டெலிவரி சார்ஜ் || 40ன்னு எழுதிட்டு ஃப்ரீ டெலிவரிக்கு 0 அனுப்பிப் பாருங்க, கஸ்டமர் தலையில 40 ரூவா விழும் (அப்புறம் சப்போர்ட் டீம் கிட்ட நீங்கதான் திட்டு வாங்கணும்), ?? போட்டா 0 அப்படியே நிக்கும். அதுக்காக இஃப்பையும் மொத்தமா தூக்கிடாதீங்க, வேல்யூ இல்லன்னா லாக் எழுதணும், எரர் காட்டணும், பாதியிலயே ரிட்டர்ன் ஆகணும்னா இஃப்தான் படிக்கவே நல்லாருக்கும். இன்னொண்ணு, ||, ?? ரெண்டையும் பிராக்கெட் போடாம ஒண்ணா கலந்தா நேரா சின்டாக்ஸ் எரர்தான் (எழுதின முறையே தப்புன்னு கோடு ஓடாது).