கனடார்ம்2-ஐ இயக்குவது யார்?

விண்வெளி ரோபோ வேலை வேண்டுமென்றால் விண்வெளி வீரராகத் தேர்வாக வேண்டும், விண்வெளி நிலையத்தின் ரோபோக் கையை இயக்குவதே வீரர்கள்தான் என்று ஒரு பதிவு சுற்றுகிறது. பலர் பகிர்ந்தும் இருக்கிறார்கள். அது சரியில்லை.

பன்னாட்டு விண்வெளி நிலையத்தின் 17 மீட்டர் நீள ரோபோக் கைதான் கனடார்ம்2, 2001-இல் பொருத்தப்பட்டது. இன்று அதன் பெரும்பாலான வேலையைச் செய்பவர்கள் ஹூஸ்டனிலும் கியூபெக்கின் செயின்ட் ஹூபர்ட்டிலும் உட்கார்ந்திருக்கும் கட்டுப்பாட்டாளர்கள். அதற்கென்றே பயிற்சி பெற்ற பொறியாளர்கள் அவர்கள். நிலையத்தில் இருக்கும் டெக்ஸ்டர் என்ற இரு கை ரோபோவும் பெரும்பாலும் தரையிலிருந்துதான் இயங்குகிறது. ரோபோடிக்ஸ் படிக்க நினைக்கும் பிள்ளைகள் இந்தப் பதிவைப் பார்த்துப் பின்வாங்கிவிடக் கூடாது என்பதுதான் என் கவலை.

நீங்களே சரிபார்க்கலாம். அடுத்த சிக்னஸ் சரக்குக் கலம் போகும்போது நாசா நேரலையைப் பாருங்கள். கனடார்ம்2-ஆல் கலத்தைப் பிடிப்பது வழக்கமாக நிலையத்துக்குள் இருக்கும் வீரர். பிடித்த பிறகு அதை மெல்லத் திருப்பி நிலையத்தோடு இணைப்பது தரைக்குழு. வர்ணனையிலேயே இதைச் சொல்வார்கள். அவ்வளவு நேரம் காத்திருக்க முடியாதென்றால், கனடிய விண்வெளி முகமையின் தளத்தில் கனடார்ம்2 பக்கத்தைப் படியுங்கள்.