அப்பாவுக்குக் காது கேட்கும், பேச்சுதான் புரியாது

அப்பா பள்ளிபாளையத்தில் 32 வருஷம் தறி ஓட்டினார். நாடா வைத்த விசைத்தறி, 12 மணி நேர ஷிப்டு. தெருவில் லாரி வந்தால் ஒதுங்கிவிடுவார், நாய் குரைத்தால் திரும்பிப் பார்ப்பார். ஆனால் அம்மா "பத்து ரூபா குடுங்க" என்றால் "எந்தப் பட்டு?" என்பார். "வேணுங்கறது மட்டும் காதுல விழுது" என்று அம்மா சலித்துக்கொள்வார். நானும் கூடச் சேர்ந்து சிரித்திருக்கிறேன். இன்றைக்கு நினைத்தாலும் மனசு கனக்கிறது.

போன வருஷம் காது டாக்டரிடம் கூட்டிப்போனேன். அவர் ஒரு இசைக்கவையை, அதாவது தட்டினால் அதிர்ந்து ஒலிக்கும் கவட்டைக் கம்பியை, தட்டி காதுக்கு வெளியே பிடித்தார். அப்புறம் காதுக்குப் பின்னால் எலும்பில் ஊன்றி வைத்தார். "எங்க நல்லா கேக்குதுங்க ஐயா?" "வெளிய வெச்சப்பதாங்க."

எலும்பில் வைத்தபோது நன்றாகக் கேட்டிருந்தால் கோளாறு வெளிக்காதிலோ நடுக்காதிலோ இருந்திருக்கும். அழுக்கு அடைத்திருக்கலாம், சவ்வில் ஓட்டை விழுந்திருக்கலாம், சீழ் கட்டியிருக்கலாம். இவற்றில் பலவற்றை மருந்தாலோ ஆபரேஷனாலோ சரிசெய்துவிட முடியும். அப்பாவுக்குப் போனது உள்காது. நத்தைக்கூடு மாதிரி சுருண்ட அந்த உறுப்பில் பிறக்கும்போதே ஒலியை உணரும், மயிரிழை நீட்டிய சுமார் 15,000 செல்கள் இருக்கின்றன. செத்த செல் திரும்ப முளைப்பதில்லை. சிலருக்கு இரண்டு கோளாறும் சேர்ந்தே இருக்கும்.

எந்தச் சுருதி எவ்வளவு கேட்கிறது என்று வரைந்த ஆடியோகிராம் தாளை டாக்டர் காட்டினார். கோடு ஒரே சீராக வந்து 4000 ஹெர்ட்ஸ் என்ற உயர்ந்த சுருதிப் பக்கத்தில் பள்ளமாக விழுந்திருந்தது. இரைச்சலில் வேலை பார்த்தவர்களின் காது பெரும்பாலும் அங்கேதான் முதலில் போகுமாம். பேச்சில் அ, ஆ, ஓ எல்லாம் தாழ்ந்த சுருதி, அவை கேட்டுவிடும். த, ட, ச, ப போன்ற மெல்லிய வெடிப்புகளும் உரசல்களும்தான் தப்பிப்போகும். குரல் கேட்கும், சொல் கலங்கிவிடும். பத்து பட்டானது அப்படித்தான்.

85 டெசிபல் சத்தத்தில் 8 மணி நேரம் இருக்கலாம் என்பது பொதுவாகச் சொல்லப்படும் எல்லை. அதற்குமேல் ஒவ்வொரு 3 டெசிபலுக்கும் நேரம் பாதியாகும். 94-க்குப் போனால் ஒரே ஒரு மணி நேரம். தறிக்குடோனுக்குள் காதோடு காதாகக் கத்தினால்தான் பேச முடியும், பலரும் சைகையிலேயே முடித்துக்கொள்வார்கள். அப்பா கழிவுப் பஞ்சைக் காதில் திணித்துக்கொண்டு போவார். வெறும் பஞ்சு சத்தத்தைப் பெரிதாகத் தடுக்காது என்று யாருமே சொல்லவில்லை.

எனக்குக் கோபம் வருவது "வயசானா அப்படித்தான்" என்ற பேச்சின்மேல்தான். வயசாலும் காது மந்தமாகும், மறுக்கவில்லை. ஆனால் அப்பாவுக்கு 45 வயசிலேயே இது தொடங்கிவிட்டது. 1948 தொழிற்சாலைகள் சட்டத்தின் தொழில்நோய்ப் பட்டியலிலேயே இரைச்சலால் வரும் காது கேளாமை இருந்தது. ஆனால் மின்சாரத்தில் ஓடும் இடத்தில் குறைந்தது 10 பேர் வேலை செய்தால்தான் அந்தச் சட்டம் பொருந்தியது. எட்டுத் தறி போட்டு நாலு பேர் ஓட்டுகிற குடோனில் அதை யார் கேட்பது?

இன்னொன்று. ராத்திரி நன்றாக இருந்த காது காலையில் திடீரென்று அடைத்துக் கேட்காமல் போனால் "சளியா இருக்கும்" என்று சொட்டு மருந்து விட்டுக்கொண்டு காத்திருக்காதீர்கள். அன்றைக்கே டாக்டரைப் பாருங்கள். உள்காது நரம்பு பாதித்து வருவதாக இருந்தால் முதல் சில நாட்களில் தொடங்கும் ஸ்டீராய்டு சிகிச்சைக்குத்தான் பலன் அதிகம்.

சித்தப்பா மகன் இப்போது அதே தெருவில் தறி ஓட்டுகிறான், 26 வயசு. ஷிப்டு முடிந்து வந்தால் ஒரு மணி நேரம் காதுக்குள் "ஙொய்ங்"குன்னு இருக்கிறது என்கிறான். அவனுக்கு நுரை காதடைப்பான் வாங்கிக் கொடுத்தேன். உருட்டி, மெல்லிசாக்கி, மறுகையால் காதை மேலே இழுத்து உள்ளே விட்டு, விரியும்வரை பிடித்திருக்க வேண்டும். முதல் நாள் "தறி நின்னா தெரியாதே அண்ணா" என்று தயங்கினான். அடுத்த வாரம் கூடத் தறி ஓட்டுகிற ரெண்டு பேருக்கும் சேர்த்துக் கேட்டான்.