எம்.எஸ்.-13 பிறந்த ஊர் லாஸ் ஏஞ்சலஸ்

"எம்.எஸ்.-13 மத்திய அமெரிக்க நாடான எல் சால்வடாரில் உருவாகி, அகதிகளோடு அமெரிக்காவுக்குள் நுழைந்த கும்பல்" என்று ஒருவர் எழுதியிருக்கிறார். நடந்தது தலைகீழ். அது உருவானது 1980களில், லாஸ் ஏஞ்சலஸின் பிகோ-யூனியன் பக்கம். உள்நாட்டுப் போருக்குத் தப்பி வந்த சால்வடார் குடும்பங்களின் பையன்கள், ஆரம்பத்தில் ஹெவி மெட்டல் கேட்டுக்கொண்டு தெருவில் சுற்றிய கூட்டம்தான். அந்த மக்களுக்குத் தஞ்சமும் எளிதில் கிடைக்கவில்லை. 1984இல் நூற்றுக்கு 3 சால்வடார் விண்ணப்பங்கள்கூட ஏற்கப்படவில்லை. ஏற்கெனவே அங்கிருந்த கும்பல்களோடு மோதி மோதி இவர்களும் ஆயுதம் எடுத்தார்கள். மீதியைக் கலிஃபோர்னியா சிறைகள் கற்றுக்கொடுத்தன. பெயரில் உள்ள 13கூட, அந்தச் சிறைகளை ஆட்டிப்படைத்த மெக்சிகன் மாஃபியா கும்பலுக்குக் கட்டுப்பட்டதன் அடையாளம் (ஆங்கிலத்தில் 13ஆவது எழுத்து M).

போர் 1992இல் முடிந்தது. அப்புறம், குறிப்பாக 1996 அமெரிக்கக் குடியேற்றச் சட்டத்துக்குப் பின், தண்டனை பெற்றவர்களை ஆயிரக்கணக்கில் எல் சால்வடாருக்கு நாடு கடத்தினார்கள். போரில் நொறுங்கிப்போயிருந்த நாட்டில் கும்பல் மளமளவென்று பரவியது. 2015இல் அங்கே லட்சம் பேருக்கு 100க்கும் மேல் கொலைகள். கும்பல்காரர்கள் செய்த கொடுமையை நான் குறைத்துச் சொல்லவில்லை. பஸ் ஓட்டுபவர், பெட்டிக்கடைக்காரர் என்று எவரையும் விடாமல் மிரட்டிப் பணம் பறித்தார்கள். சிக்கிச் சீரழிந்தவர்களில் பெரும்பாலோர் சால்வடார் ஏழைகள்.