மீன் ஆறிப்போச்சு

பிள்ளைகள் ரெண்டையும் பாளையங்கோட்டையில் ஆச்சி வீட்டில் விட்டுவிட்டு நானும் அவரும் கடற்கரை ஊரான உவரிக்குப் போனோம். கல்யாணமாகி ஒன்பது வருஷத்தில் இதுதான் முதல் தடவை. சுயம்புலிங்க சாமியைக் கும்பிட்டு, கப்பல் மாதா கோவிலையும் பார்த்துவிட்டுச் சாப்பிட உட்கார்ந்தோம். தட்டில் மசாலா ஓரமாக முறுகின சீலா மீன். ஒரு வாய் வைக்கவில்லை, போன். “அம்மா, ஆச்சி போன் தரமாட்டேங்காவ!” அந்தப் போனில்தான் பேசுகிறான்! அப்புறம் இருமல் மருந்து எங்கே, நீலச் சட்டை எங்கே என்று நாலு தடவை. மீன் ஆறியே போச்சு.

சரி, கடலையாவது பார்க்கலாம் என்றால் இந்த மனுஷன் மணலில் உட்கார்ந்து பிள்ளைகளின் பழைய வீடியோவைப் பார்த்துச் சிரிக்கிறார். மறுநாள் காலையிலேயே கிளம்பிவிட்டோம். வண்டியில் ஏறினபிறகு போன் ஒரு தடவைகூட அடிக்கவில்லை.