அம்மாயி ரணவரா குடித்ததில்லை

போன வாரம் தங்கச்சி கண்டியிலிருந்து வரும்போது ஒரு பெட்டி வாங்கி வந்தாள். மேலே மஞ்சள் பூப் படம், கீழே மூன்று மொழியிலும் 'ஈரலைச் சுத்தப்படுத்தும்' என்ற எழுத்து. ரணவரா. அதாவது நம்ம ஆவாரம்பூ. ஸ்கேன் எடுத்ததில் அவளுக்கு ஈரலில் கொழுப்பு என்று வந்திருக்கிறது. "காலையும் மாலையும் குடிக்கணுமாம் அண்ணே. அம்மாயி குடுத்த மருந்து மாதிரித்தானே" என்றாள். அந்தக் கடைசி வார்த்தைதான் எனக்குப் பொறுக்கவில்லை.

அம்மாயி, அதாவது அம்மாவைப் பெற்றவள், ரணவரா குடித்ததே இல்லை. ஆவாரை வறண்ட நிலத்துச் செடி, எங்கள் புசல்லாவைத் தேயிலை மலையின் மழைக்கும் பனிக்கும் அது வராது. அம்மாயிக்குத் தெரிந்தது கீழாநெல்லி. கானோரத்தில், அதாவது தண்ணீர் ஓடும் வாய்க்கால் ஓரத்தில், குனிந்து ஒவ்வொரு செடியாகத் திருப்பிப் பார்ப்பாள். இலைக்கு அடியில் கடுகுபோலப் பச்சைக் காய் வரிசையாகத் தொங்க வேண்டும், தண்டு சிவந்திருந்தால் தூக்கி எறிந்துவிடுவாள். வேரோடு பிடுங்கி, பீலித் தண்ணீரில் மண் போகக் கழுவி, அம்மியில் வைத்து மைபோல அரைத்து, நெல்லிக்காய் அளவு உருட்டி மோரில் கரைத்து வெறும் வயிற்றில் தருவாள். உப்பு கிடையாது, எண்ணெய் கிடையாது. ஏழு நாள். எட்டாம் நாள் அம்மியைக் கழுவிக் கவிழ்த்துவிடுவாள்.

எனக்குப் பன்னிரண்டு வயதில் காமாலை வந்தபோது இதைத்தான் குடித்தேன். சுகமானேன். ஆனால் அந்த மாதம் எங்கள் லயத்தில், அந்தத் தோட்டத்து வரிசை வீடுகளில், ஆறு பிள்ளைகளுக்குக் கண் மஞ்சளாகியிருந்தது. அதில் மூன்று பேர் கீழாநெல்லியை வாயில் வைக்கவே இல்லை, டிஸ்பென்சரி குளுக்கோஸ் மட்டும்தான். அவர்களும் எழுந்து விளையாடத்தான் செய்தார்கள். தண்ணீரால் பரவும் ஹெபடைடிஸ் ஏ என்ற ஈரல் நோய் பெரும்பாலும் சில வாரங்களில் தானாகவே அடங்கிவிடும். அம்மாயிக்குக் கிடைத்த பேரில் பாதி அந்த நோயின் குணத்துக்குச் சேர வேண்டியது. இதைச் சொன்னால் அம்மா இன்றைக்கும் முகத்தைத் திருப்பிக்கொள்வார்.

அதற்காகக் கீழாநெல்லியை வெறும் களை என்றும் நான் சொல்லவில்லை. ஹெபடைடிஸ் பி வைரஸைக் கண்டுபிடித்து 1976இல் நோபல் பரிசு பெற்ற புளும்பெர்க், சென்னை ஆய்வாளர்களோடு சேர்ந்து இதைப் பரிசோதித்திருக்கிறார். 1988இல் லான்செட் மருத்துவ இதழில் வந்தது. ஹெபடைடிஸ் பி வைரஸ் உள்ளவர்களில் மருந்து சாப்பிட்ட 37 பேரில் 22 பேரின் இரத்தத்தில் வைரஸின் அடையாளம் மறைந்தது, வெறும் பொடி சாப்பிட்ட 23 பேரில் ஒருவருக்குத்தான். பெரிய பரபரப்பு. ஆனால் பிற்பாடு மற்றவர்கள் செய்து பார்த்ததில் அந்த முடிவு திரும்ப வரவில்லை. விஷயம் அங்கேயே நிற்கிறது.

காமாலை என்பது ஒரு அடையாளம்தான், அதற்குப் பின்னால் என்ன நோய் என்று கண்ணைப் பார்த்துச் சொல்ல முடியாது. என் பெரியப்பா கண் மஞ்சளானதும் இரண்டு மாதம் கஷாயமாகக் குடித்தார். கடைசியில் பித்தக்கல் குழாயை அடைத்திருந்தது தெரிந்தது. கல்லை எந்த இலை கரைக்கும்? ஆளைக் காப்பாற்றிவிட்டார்கள். ஆனால் அந்த இரண்டு மாதத்தில் அவர் உடம்பு உருகிய விதத்தை நான் மறக்கவில்லை.

சரி, ரணவராவுக்கு வருகிறேன். தங்கச்சிக்கு நான் காட்டியது, கண்டிக்குப் பக்கத்திலேயே இருக்கும் பேராதனைப் பல்கலைக்கழகத்தார் 1981இல் வெளியிட்ட ஆய்வு. நம் நாட்டில் மருந்தாகச் சாப்பிடும் 50 செடிகளைச் சோதித்திருக்கிறார்கள். பைரோலிசிடின் என்ற வகை நச்சு மூன்றில் இருந்தது: ஒரு கிலுகிலுப்பை இனம், குடசப்பாலை, அப்புறம் ஆவாரை. எலிகளுக்குக் கொடுத்தபோது ஈரல் கெட்டது. எலிக்குத் தீனியோடு கொடுப்பதும் நாம் கித்துள் கருப்பட்டியைக் கடித்துக்கொண்டு ஒரு கோப்பை குடிப்பதும் ஒன்றல்ல, ஒத்துக்கொள்கிறேன். எப்போதாவது குடிப்பவரைப் பயமுறுத்தவும் இதை எழுதவில்லை. ஆனால் ஈரலுக்கென்றே வாங்கி, தினம் இரண்டு வேளை, மாதக்கணக்கில் குடிப்பவர் இதைத் தெரிந்துகொள்ள வேண்டாமா? பெட்டியில் ஒரு வரி இல்லை.

நாம் பறிக்கும் கொழுந்துக்கும் இந்தக் கதை உண்டு. கிறீன் டீயைக் கோப்பையில் ஊற்றிக் குடிப்பதில் பயமில்லை. அதன் சத்தை இறுக்கிக் குளிசையாக்கி விற்கிறார்களே, அதில் ஈஜிசிஜி என்ற பொருள் நாளொன்றுக்கு 800 மில்லிகிராமுக்குப் போனால் ஈரல் நொதிகள் ஏறுகின்றன என்று ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு அமைப்பு 2018இல் சொன்னது. இயற்கை என்பதால் எவ்வளவும் ஆகும் என்றில்லை.

அப்படியென்றால் பழையபடி கானோரத்தில் பிடுங்கலாமே என்பார்கள். அம்மாயி காலத்தில் களையைச் சுரண்டி எடுத்தார்கள். இப்போது மருந்தடிக்கிறார்கள். 2015இல் தடை செய்த கிளைபொசேட் என்ற களைக்கொல்லியை 2018இல் தேயிலைக்கும் இறப்பருக்கும் திரும்ப அனுமதித்தார்கள். எந்த மலையில் நேற்று அடித்தார்கள் என்று தெரியாமல் நான் ஒரு இலையைக்கூடக் கிள்ள மாட்டேன்.

நாளெல்லாம் மலையேறி இறங்குகிறவர்களுக்குக் கொழுப்பு எங்கே வரும் என்று நானும் நினைத்திருந்தேன். நுவரெலியா மாவட்டத் தோட்டங்களில் எடுத்து 2011இல் வெளியான ஆய்வில், குடிப்பழக்கத்தால் வராத கொழுப்பு ஈரல் நூற்றுக்கு 18 பேருக்கு இருந்தது. சம்பள நாள் சாராயக் கணக்கு இதில் சேராது, அதைத் தனியாகத்தான் எழுத வேண்டும்.

"அப்ப நான் என்னதான் குடிக்கிறது?" என்று தங்கச்சி கேட்டாள். கேட்டுக்கொண்டே சாயத்தண்ணிக்கு, அதாவது பாலில்லாத தேத்தண்ணிக்கு, சீனி போட்டாள். மூன்று கரண்டி, குவித்து. ஒரு நாளைக்கு எத்தனை கோப்பை என்றேன். ஐந்து என்றாள். பதினைந்து கரண்டி என்று விரல்விட்டு எண்ணிக் காட்டியதும் முறைத்தாள்.

நேற்றுப் பேசினேன், ஒரு கரண்டிக்கு வந்திருக்கிறாள். பெட்டியை இன்னும் பிரிக்கவில்லை, தூக்கிப் போடவும் மனசு வரவில்லையாம். எண்ணூறு ரூபாய்.