கழிப்பறை கேட்பது சலுகை கேட்பதன்று: கடலூரில் பரவும் தவறான செய்திக்கு விளக்கம்

‘கழிப்பறை அரசு மனமுவந்து தரும் சலுகை; புறம்போக்கில் குடியிருப்பவர்களுக்கு அதைக் கேட்க உரிமையில்லை; நிதி இல்லையென்றால் மாநகராட்சி கட்டித்தர வேண்டியதுமில்லை’ என்றொரு செய்தி கடலூர் வாட்ஸ்அப் குழுக்களில் பரவி வருகிறது. இது முற்றிலும் தவறு.

அரசியலமைப்பின் 21ஆம் பிரிவு உயிர்வாழும் உரிமையைப் பட்டா வைத்திருப்பவருக்கு மட்டுமின்றி ஒவ்வொரு மனிதருக்கும் உறுதிசெய்கிறது. துப்புரவுச் சுகாதாரமும் அவ்வுரிமையில் அடங்கும் என்று 1994இல் வீரேந்தர் கௌர் வழக்கில் உச்ச நீதிமன்றம் கூறியது. நிதியைப் பற்றிய வாதம் அதற்கும் முன்பே நிராகரிக்கப்பட்டது. மத்தியப் பிரதேசத்தின் ரத்லம் நகர மக்கள் திறந்த சாக்கடைக்கும் கழிப்பிடமின்மைக்கும் எதிராகத் தொடுத்த வழக்கில், பணமில்லை என்று சொல்லி நகராட்சி தன் கடமையிலிருந்து தப்ப முடியாது என நீதிபதி வி. ஆர். கிருஷ்ணய்யர் 1980இல் தீர்ப்பளித்தார். 2010 ஜூலை 28 அன்று குடிநீரையும் சுகாதாரத்தையும் மனித உரிமையாக ஏற்ற ஐ.நா. பொதுச்சபைத் தீர்மானத்தை இந்தியாவும் ஆதரித்து வாக்களித்தது.

எனவே குடிமைச் சமூக அமைப்புகள் இதை உரிமையாகக் கோருவதில் மிகை ஏதுமில்லை. கட்டடம் எழுப்பினால் மட்டும் கடமை முடிந்துவிடாது: குழாயில் தண்ணீர் வராத, கதவுக்குத் தாழ்ப்பாள் இல்லாத, இரவில் விளக்கெரியாத பொதுக்கழிப்பறைக்குள் எந்தப் பெண்ணும் நிம்மதியாக நுழைய முடியாது. நிலத்தடி நீர் மேலாக நிற்கும் கடலோர மணற்பகுதிகளில் கசிவுக் குழியின் கழிவு கைப்பம்பு நீரில் கலக்கும் அபாயமும் உண்டு; அங்கே கசியாத தொட்டியும், ஆளை இறக்காமல் இயந்திரத்தால் அதைக் காலிசெய்யும் ஏற்பாடும் கட்டாயம் தேவை.