தகுதியைப் பற்றி இப்போது மட்டும் கேட்கிறவர்களுக்கு

வியாழக்கிழமை விருந்தில் நடந்தது பலருக்கும் தெரியும் என்பதால் அதை மீண்டும் விவரிக்கப் போவதில்லை. கனடாவின் ஒட்டாவாவில் மத்திய அரசுப் பணியில் பணிப்பாளராக உயர்ந்த ஒரு தமிழ்ப் பெண்ணை, அவர் முன்னாலேயே, "நிறத்துக்குக் கிடைத்த பதவி" என்று சொன்னவர் வெள்ளைக்காரர் அல்லர், எங்கள் அண்ணர் ஒருவர் என்பதுதான் எனக்கு இன்னும் ஆறவில்லை.

அண்ணர் சட்டத்தைப் படித்திருக்கலாம். காணக்கூடிய சிறுபான்மையினர் (எங்களைப் போன்ற வெள்ளையரல்லாத இனத்தவர்) உட்பட நான்கு பிரிவினருக்கான வேலைவாய்ப்புச் சமத்துவச் சட்டத்தின் 6ஆம் பிரிவு, தகுதியற்ற எவரையும் வேலைக்கு எடுக்கவோ பதவி உயர்த்தவோ வேண்டியதில்லை என்கிறது. 33ஆம் பிரிவு, ஒதுக்கீட்டு எண்ணிக்கையைத் திணிக்கக்கூடாது என்கிறது. மறுபுறம், பொதுச் சேவை நியமனச் சட்டத்தின் 30ஆம் பிரிவின்படி, ஒரேயொருவரை மட்டும் பரிசீலித்தும் ஒரு பதவியை நிரப்பலாம். அப்படி நிரப்பப்படும் கதிரைகளின்போது தகுதியைப் பற்றி யாரும் வாய் திறப்பதில்லை.

நான் ஒரு திணைக்களத்தில் நீண்ட காலம் பதில் கடமை பார்த்தவன். அந்தப் பதவி நிரந்தரமாக நிரப்பப்பட்டபோது போட்டி அறிவிக்கப்படவில்லை. பக்கத்துப் பிரிவிலிருந்து ஒருவர் வந்தார். அமைச்சருக்குப் போகும் குறிப்பை எப்படி எழுதுவது, யாருடைய கையொப்பத்தை முதலில் வாங்குவது என்று அவருக்குச் சொல்லிக் கொடுத்தவன் நான்தான். காரணம் கேட்டபோது, அவர் அணிக்குப் "பொருத்தமானவர்" என்றார்கள். எனக்குப் பிரெஞ்சு போதாது என்றும் சொன்னார்கள். உண்மைதான், ஆனால் வேலை நேரத்தில் பிரெஞ்சு வகுப்புக்கு யாரை அனுப்புவது என்று தீர்மானித்தவரும் அதே மேலதிகாரிதான். அன்றைக்கும் தகுதியைப் பற்றி யாரும் கேட்கவில்லை.

"இலங்கையில் பல்கலைக்கழக அனுமதியில் வந்த தரப்படுத்தலால் அடிபட்ட சனம் நாங்கள், நாங்களே இந்தச் சமத்துவச் சட்டத்தை ஆதரிக்கலாமா?" என்று கேட்பீர்கள். 1970களின் தொடக்கத்தில் மருத்துவ பீடத்துக்குத் தமிழில் எழுதியவருக்கு 250 புள்ளி வேண்டும், சிங்களத்தில் எழுதியவருக்கு 229 புள்ளி போதும் என்று வைத்தார்கள். இங்கே யாருடைய வெட்டுப்புள்ளி கூட்டப்பட்டது? இரண்டையும் ஒன்றென்று சொல்வது அந்தத் தலைமுறை பட்ட காயத்தையே மலிவாக்குவதாகும். நல்ல சம்பளமும் ஓய்வூதியமும் இருக்க முறைப்பாடு எதற்கு என்பவர்களுக்கு என்னிடம் பதில் இல்லை.

2000ஆம் ஆண்டில் லூயிஸ் பெரின்பம் தலைமையில் கனடிய அரசு அமைத்த பணிக்குழு, 2003க்குள் மத்திய அரசுப் பணியில் புதிதாகச் சேர்க்கப்படுவோரில் ஐந்தில் ஒருவர் காணக்கூடிய சிறுபான்மையினராக இருக்க வேண்டும் என்றது, அது எட்டப்படவில்லை. 2021 ஜனவரியில் அரசுப் பணியின் தலைமை அதிகாரி இயன் ஷுகார்ட், இனவாதத்துக்கு எதிராகச் செயற்படுமாறு எல்லாத் திணைக்களத் தலைவர்களையும் மறுபடி அழைக்க வேண்டியிருந்தது. நிறத்துக்குப் பதவி கொடுக்கிற அரசுக்கு இத்தனை அழைப்பு ஏன் தேவைப்பட்டது என்பதை அண்ணரே விளக்கட்டும்.

"பொருத்தம்" என்று மேலதிகாரி சொன்னபோது எனக்குக் கோபம்தான் வந்தது. அண்ணர் சொன்னதைக் கேட்டபோது வெட்கமாக இருந்தது. அவருடைய மகளும் மத்திய அரசு வேலைக்கு விண்ணப்பித்திருக்கிறார். கிடைத்தால் முதல் ஆளாக வாழ்த்துவேன், எதற்குக் கிடைத்தது என்று கேட்கமாட்டேன்.